நேவியில் மெடிக்கல் போர்டு போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, இனி என்ன?

1/
கடற்படையில் சேரும் பையன் பதினெட்டு, பத்தொன்பது வயசுல வீட்டை விட்டுக் கிளம்புவான். ஒடிசாவில் ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சி, அப்புறம் கப்பல். 15 வருஷம் முடிச்சா பென்ஷன். இதுதான் வீட்டுல எல்லாரும் போட்டு வச்ச கணக்கு. அந்தக் கணக்கு நடுவுலயே உடையுற சிலர் இருக்காங்க. தப்பு எதுவும் செய்யாம, உடம்பு காரணமா, "நீ இனி தகுதி இல்ல"ன்னு அனுப்பப்படுறவங்க. ஆபீஸ் பாஷையில் "இன்வாலிடட் அவுட்". இந்த த்ரெட் அவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும்.

2/
நான் ராணுவ டாக்டர் இல்ல, வக்கீலும் இல்ல. அரசு மருத்துவமனையில் ஓ.பி. பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். ஆனா ஊருக்குத் திரும்பி வர்ற இவங்க முதல்ல வந்து நிற்கிறது எங்க ஓ.பி. வரிசையில்தான், மாத்திரைக்காக. அதனாலதான் இந்த விதிகளை உட்கார்ந்து படிச்சேன். கொஞ்சம் நீளம். பொறுமையாப் படிங்க.

3/
ஒருத்தரைப் பத்திச் சொல்றேன் (அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரங்களை மாத்தியிருக்கேன்). வயசு முப்பதுக்குள்ள. எட்டு வருஷ சர்வீஸ், கப்பலில் என்ஜின் ரூம் வேலை. கடல்ல இருக்கும்போது முதல் ஃபிட்ஸ். கரைக்கு வந்தப்புறம் குடியிருப்புல ரெண்டாவது. கடற்படை ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி., மாத்திரை எல்லாம் ஒழுங்காப் பார்த்திருக்காங்க. கொஞ்ச நாள் மெடிக்கல் கேட்டகிரி குறைச்சு வச்சிருந்தாங்க. கடைசியில் எஸ்5ஏ5. அதாவது சேவைக்குத் தகுதி இல்ல.

4/
எங்ககிட்ட வரும்போது ஊருக்கு வந்து நாலு மாசம். ஒரு மாசமா மாத்திரை இல்ல. கையில் இருந்தது தீர்ந்ததும் நிறுத்திட்டார். முந்தின நாள் ராத்திரி மறுபடியும் ஃபிட்ஸ். கூட வந்த அம்மா, "ஐயா, சொந்தக்காரங்ககிட்ட லாங் லீவுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். துரத்தி விட்டுட்டாங்களான்னு கேட்பாங்கன்னு பயமா இருக்கு"ன்னாங்க. பையன் தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தார்.

5/
"தம்பி, டிஸ்சார்ஜ் பேப்பர்ஸ் எங்க?"ன்னு கேட்டேன். "டிரங்குப் பெட்டியில இருக்கு சார். வந்ததுல இருந்து பிரிக்கல"ன்னார். மறுவாரம் எடுத்துட்டு வரச் சொன்னேன். நான் கேட்டது சிகிச்சை விவரத்துக்காக. ஆனா அந்த ஃபைலில் மருத்துவத்தை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருந்தது. அதுக்கு வர்றேன்.

6/
முதல்ல ஒரு நியாயத்தைச் சொல்லிடணும். வலிப்பு உள்ளவரைக் கப்பலில் வைக்க முடியாதுங்கறது மருத்துவ ரீதியா சரிதான். செங்குத்தான இரும்பு ஏணி, சுழலும் இயந்திரம், சுத்தி கடல். வலிப்பு அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினா அது எமர்ஜென்சி, உடனே ஊசி மருந்து போகணும். நடுக்கடல்ல ஆம்புலன்ஸ் வராது. அவர் உயிருக்கும், கூட இருக்கிறவங்க உயிருக்கும் ஆபத்து. அதனால கோபப்பட வேண்டிய இடம் இது இல்ல.

7/
அப்போ வேற வேலை கொடுக்கலாமே? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு அதைத்தான் சொல்லுது. அரசு வேலையில் இருக்கும்போது ஊனம் வந்தா வேலையை விட்டு எடுக்கக்கூடாது, அதே சம்பளத்தில் மாற்று வேலை கொடுக்கணும். அரசு பஸ் ஓட்டுறவருக்கு அது கிடைக்கும். முப்படையில் போர்ப் பணியில் இருக்கிறவங்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாதுன்னு 2021 ஆகஸ்டில் மத்திய அரசு விலக்கு அறிவிச்சிருக்கு. அதனால மாலுமிக்கு அந்தக் கதவு இல்ல. மிஞ்சி இருக்கிறது பென்ஷனும் மறுவாழ்வு உதவியும்தான். அதுவும் தவறிப் போனா கையில் ஒண்ணும் நிற்காது.

8/
இப்போ அந்த ஃபைல். அனுப்பும் முன்னாடி நடக்கிற மெடிக்கல் போர்டுக்கு ஒரு படிவம் இருக்கு, ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16. நோய் என்ன, எத்தனை சதவீதம் ஊனம்ங்கறதோட, மூணு கேள்வி அதில் இருக்கும்.
அ) இந்த நோய் சேவையால் வந்ததா?
ஆ) ஏற்கனவே இருந்தது சேவையால் கூடிச்சா?
இ) சேவைக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லையா?
பக்கத்துல காரணம் எழுத ஒரு இடம்.
குடும்பத்தோட அடுத்த நாற்பது வருஷ வருமானம் இந்த மூணுல எதுக்கு "ஆம்" போடுறாங்கங்கறதுல இருக்கு.

9/
கணக்காச் சொல்றேன். கடைசியா வாங்கின சம்பளம் (பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கிறது) 40,000 ரூபாய்னு வைப்போம். அ அல்லது ஆ "ஆம்"னா, சர்வீஸ் பங்கு 50 சதவீதம், 20,000. எத்தனை வருஷம் வேலை பார்த்தார்ங்கறது இதுக்குத் தடை இல்ல. அதுக்கு மேல ஊனப் பங்கு. 100 சதவீத ஊனத்துக்கு சம்பளத்தில் 30 சதவீதம். 20 சதவீத ஊனம்னு போர்டு எழுதினா அதை 50ஆ உயர்த்திக் கணக்குப் போடணும். அப்போ 6,000. மொத்தம் மாசம் 26,000, கூடவே அகவிலை நிவாரணம். இ.சி.எச்.எஸ். மருத்துவ வசதி, முன்னாள் படைவீரர் அந்தஸ்து ரெண்டும் வரும்.

10/
இ "ஆம்"னா? 10 வருஷம் முடிச்சிருந்தா இன்வாலிட் பென்ஷன். முடிக்கலன்னா பழைய விதிப்படி ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்புவாங்க, அவ்வளவுதான். 2019 ஜனவரி 4 அன்னிக்கோ அதுக்கப்புறமோ சேவையில் இருந்தவங்களுக்கு 10 வருஷ நிபந்தனையைத் தளர்த்தி 2020 ஜூலையில் ஆணை வந்தது. ஆனா அதிலும் ஒரு கொக்கி. படை வேலைக்கு மட்டுமில்ல, வெளி வேலைக்கும் நிரந்தரமா லாயக்கில்லாதவரா இருக்கணும். வலிப்பு உள்ளவர் மாத்திரை போட்டுக்கிட்டு வெளியில வேலை பார்க்க முடியும். முடியும்ங்கறதே அவருக்கு எதிரா நிற்கும்.

11/
நம்ம தம்பியோட ஃபைலில் "இ"தான். எட்டு வருஷம். காரணம்ங்கற இடத்தில் ஒரே வரி: உடல்வாகு சார்ந்த நோய், சேவையோடு தொடர்பில்ல.
அவர் அதைப் படிச்சுட்டு, "டாக்டருங்களே எழுதிட்டாங்க சார், அப்புறம் என்ன பண்ண முடியும்"ன்னார். பெரும்பாலானவங்க இங்கதான் நின்னுடுறாங்க. இதுக்கு மேல வழி இருக்குன்னு யாரும் சொல்றதில்ல.

12/
வழி இருக்கு. தரம்வீர் சிங்னு ஒரு ராணுவ வீரர். 1985ல சிக்னல்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். 1994ல இதே வலிப்பு நோய்க்காக, 20 சதவீத ஊனம்னு எழுதி அனுப்பப்பட்டார். அவர் ஃபைலிலும் "உடல்வாகு சார்ந்தது". வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2013 ஜூலையில் அவருக்கு ஊனப் பென்ஷன் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

13/
அந்தத் தீர்ப்பு சொன்னதை எளிமையாச் சொன்னா இதுதான். சேரும்போது நீங்களே டெஸ்ட் பண்ணி, நல்லா இருக்கான்னு சொல்லித்தான் எடுத்தீங்க. அப்போ இந்த நோய் இருந்ததா எந்தக் குறிப்பும் இல்ல. அப்படின்னா சேவைக் காலத்தில் வந்ததுன்னுதான் எடுத்துக்கணும். சம்பந்தம் இல்லன்னு நிரூபிக்க வேண்டியது வேலை கொடுத்தவர், வீரர் இல்ல. சந்தேகம் இருந்தா அதன் பலன் வீரருக்கு. சேரும்போது கண்டுபிடிச்சிருக்க முடியாதுன்னு போர்டு சொன்னா, அதுக்குக் காரணம் எழுதணும்.

14/
அடுத்த வருஷம், 2014ல சுக்விந்தர் சிங் வழக்கு. நோய் காரணமா ஒருத்தரை வேலையை விட்டே அனுப்புறீங்கன்னா அந்த ஊனம் 20 சதவீதத்துக்கு மேலன்னுதான் கருதணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. அதே வருஷம் டிசம்பரில் ராம் அவதார் வழக்கு. 50க்குக் கீழ இருந்தா 50, 50 முதல் 75 வரை 75, அதுக்கு மேல 100ன்னு உயர்த்துற சலுகையை உறுதி பண்ணினது அந்தத் தீர்ப்பு. மேல போட்ட கணக்கில் 20ஐ 50 ஆக்கினேனே, அது இப்படித்தான்.

15/
இதை வச்சு எல்லாருக்கும் கண்டிப்பாக் கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். 2019ல நர்சிங் யாதவ் வழக்கில், மனச்சிதைவு நோயை அப்படியே கண்ணை மூடிக்கிட்டு சேவையோட முடிச்சுப் போட முடியாதுன்னு அதே உச்ச நீதிமன்றம் மறுத்திருக்கு. 2023 செப்டம்பர் 21 முதல் புது தகுதி விதிகளும் வந்திருக்கு. நீங்க வெளிய வந்த தேதியைப் பொறுத்து எந்த விதின்னு மாறும். அதனால இந்தத் துறை தெரிஞ்ச வக்கீலைப் பாருங்க. "கேட்கவே முடியாது"ன்னு நினைச்சு உட்கார்ந்துடாதீங்கங்கறதுதான் என் பாயிண்ட்.

16/
டாக்டரா என் பங்குக்கு ஒண்ணு. வலிப்பைத் தூண்டுற விஷயங்களில் முதல் வரிசையில் இருக்கிறது தூக்கமின்மை. கப்பல் வேலையே வாட்ச் முறை. ராத்திரி 12 முதல் காலை 4 வரை ஒரு வாட்ச், அடுத்த நாள் வேற நேரம். என்ஜின் ரூம் சூடு, சத்தம். இதனாலதான் நோய் வந்ததுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா "சேவையால் கூடிச்சா" என்ற கேள்விக்கு ஒரு வரியில் "இல்ல"ன்னு எழுதிட்டுப் போற அளவுக்கு அது எளிமையான கேள்வி இல்ல. என்ஜின் ரூம்ல காது போனவங்களுக்கும் இதே கேள்வியைக் கேட்கணும்.

17/
நேர வரையறை ரொம்ப முக்கியம். பென்ஷன் மறுப்புக் கடிதம் வந்த 6 மாசத்துக்குள்ள முதல் மேல்முறையீடு. அதுவும் மறுக்கப்பட்டா அடுத்த 6 மாசத்துக்குள்ள இரண்டாவது. அதுக்கப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007 சட்டப்படி அமைஞ்சது, சென்னையில் ஒரு அமர்வு இருக்கு, டெல்லிக்கு ஓட வேண்டாம்.
நம்ம தம்பி "லாங் லீவு"ன்னு ஊரை ஏமாத்திக்கிட்டு வீட்டுக்குள்ள உட்கார்ந்திருந்த நாலு மாசமும் இந்தக் கணக்கில் ஓடிக்கிட்டிருந்தது.

18/
வருஷக்கணக்கில் தாமதம் ஆயிடுச்சா? அப்பவும் விட்டுடாதீங்க. 1983ல அனுப்பப்பட்ட தர்சேம் சிங் என்ற வீரர் 1999லதான் கோர்ட்டுக்குப் போனார். பென்ஷன் மறுப்புங்கறது மாசா மாசம் தொடர்ற பாதிப்பு, அதனால தாமதத்தை மட்டும் காரணம் காட்டித் தள்ள முடியாது, ஆனா பழைய பாக்கி வழக்குப் போட்டதுக்கு முந்தின 3 வருஷத்துக்குத்தான்னு 2008ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. லேட்டானா உரிமை போகாது, பணம் போகும்.

19/
கைவசம் இருக்க வேண்டிய காகிதங்கள்:
- மெடிக்கல் போர்டு நடவடிக்கைகளின் முழு நகல், எல்லாப் பக்கமும். இல்லன்னா தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க.
- சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனை நகல்.
- கப்பலிலும் ஆஸ்பத்திரியிலும் பார்த்த கேஸ் ஷீட், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி.
- அடிபட்டிருந்தா அப்போ எழுதின விபத்து அறிக்கை.
- டிஸ்சார்ஜ் புத்தகம், எந்தெந்தக் கப்பலில் எவ்வளவு நாள்ங்கற விவரம்.
மாலுமிகளின் ஆவணங்களைப் பராமரிக்கிறது மும்பை மான்குர்ட் சீட்டா கேம்பில் இருக்கிற கமடோர் பீரோ ஆஃப் செய்லர்ஸ்.

20/
ஊரில் முதல்ல போக வேண்டிய இடம் உங்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் பக்கம்தான் இருக்கும். மனு எழுத, பதிவு பண்ண, பிள்ளைங்க படிப்பு உதவித்தொகை கேட்க, வேலைவாய்ப்புக்கு எல்லாத்துக்கும் அவங்கதான். கடற்படையின் குரூப் இன்சூரன்ஸில் சம்பளத்திலிருந்து மாசாமாசம் பிடிச்சிருப்பாங்க. மருத்துவக் காரணத்தால் வெளிய வந்தா அதில் என்ன வரணும்னு தனியாக் கேளுங்க. பென்ஷன் வழக்கு முடியட்டும்னு இதுக்காகவும் காத்திருக்காதீங்க.

21/
எங்க மருத்துவமனையில் என்ன கிடைக்கும்? கை, கால், கண், காது, மனநல பாதிப்பு இருந்தா யூ.டி.ஐ.டி. அட்டைக்கு மதிப்பீடு பண்ணுவோம். ஒரு குழப்பம் அடிக்கடி வருது. எங்க சான்றிதழில் வர்ற சதவீதம் வேற, ராணுவ போர்டு போட்ட சதவீதம் வேற. ரெண்டுக்கும் அளவுகோல் தனி. அரசு வேலை ஒதுக்கீட்டுக்கு எங்க கணக்கில் 40 வேணும். ராணுவ ஊனப் பென்ஷனுக்கு அவங்க கணக்கில் 20. ஒண்ணு குறைஞ்சதால இன்னொண்ணு போகாது. சட்டத்தில் இருக்கிற 21 வகை ஊனங்களில் வலிப்பு நோய் பெயர் சொல்லி இல்ல, அதையும் தெரிஞ்சுக்கோங்க.

22/
மாத்திரையை ஒரு நாள்கூட விடாதீங்க. கடற்படை ஆஸ்பத்திரி மருந்து நின்னு, இ.சி.எச்.எஸ். அட்டை வரலாமா வேண்டாமான்னு இருக்கிற இடைவெளியில்தான் பலர் நிறுத்துறாங்க. திடீர்னு நிறுத்தினா வலிப்பு முன்னைவிட மோசமா திரும்பும். வலிப்பு மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் இலவசம். பழைய சீட்டோட வாங்க, அது போதும். வண்டி ஓட்டுறது, கிணத்துக் குளியல், உயரத்தில் ஏறுறது டாக்டர் சொல்ற வரை வேண்டாம். வலிப்பு வந்தா கையில் சாவிக்கொத்து கொடுக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, நேரம் பாருங்க.

23/
அம்மா தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்வி: "கல்யாணம் பண்ணலாமாய்யா?" பண்ணலாம். வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையா வச்சிருந்த வரியை 1999லயே இந்து திருமணச் சட்டத்திலிருந்து எடுத்துட்டாங்க. மாத்திரையை ஒழுங்காப் போட்டா பெரும்பாலானவங்களுக்கு வலிப்பு கட்டுக்குள்ள இருக்கும். பெண் வீட்டில் மறைக்காம சொல்லிப் பண்ணுங்க. மறைச்சா மாத்திரையையும் மறைக்க வேண்டி வரும்.

24/
நான் அதிகமா கவலைப்படுறது மனசைப் பத்தி. பைப் ஊதினா எழுந்து, பைப் ஊதினா சாப்பிட்டுப் பழகினவர். திடீர்னு காலை பத்து மணிக்கு எழுந்து என்ன செய்யுறதுன்னு தெரியாம உட்கார்ந்திருப்பார். தூக்கம் மாறும், குடி சேரும். இவருக்குத் தூக்கம் கெட்டாலும் குடிச்சாலும் ஃபிட்ஸ் வரும். வீட்டில் பேச்சு குறைஞ்சா, "நான் இருந்து என்ன பிரயோஜனம்"னு ஒரு வார்த்தை வந்தா, லேசா எடுத்துக்காதீங்க. 14416 டெலிமானஸ் இலவச எண், தமிழில் பேசலாம். இல்லன்னா எங்க மனநலப் பிரிவுக்கு வாங்க, அதே ஓ.பி. சீட்டுதான்.

25/
வேலை. எட்டு வருஷம் கப்பல் என்ஜினைப் பார்த்த கைக்கு வெளியில மதிப்பு இருக்கு. ஆனா பம்ப், ஜெனரேட்டர் பக்கத்தில் தனியா நிற்கிற வேலை வலிப்பு உள்ளவருக்கு ஆகாது. ஸ்டோர், பிளானிங், டீச்சிங், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பணும். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ மறுவாழ்வு இயக்குநரகம் படிப்புகள் நடத்துது. புனே கிர்கியில் 1917ல தொடங்கின குயின் மேரிஸ் டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட் ஊனமுற்ற வீரர்களுக்குத் தொழில் கத்துக்கொடுக்குது. முன்னாள் படைவீரர் அந்தஸ்து கிடைச்சா மத்திய அரசின் குரூப் சி வேலைகளில் 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. அந்த அந்தஸ்தும் போய் நிற்கிறது அதே மூணு கேள்வியில்தான்.

26/
அக்னிவீரா சேர்ந்தவங்க கவனிங்க, உங்க விதி வேற. 4 வருஷம் முடிச்சு வெளிய வர்றவங்களுக்கு சேவா நிதி சுமார் 11.71 லட்சம். பென்ஷன் கிடையாது. ஊனம் ஏற்பட்டா 100, 75, 50 சதவீதத்துக்கு முறையே 44, 25, 15 லட்சம் ஒரே தடவை. அதுவும் சேவையால் வந்தது அல்லது கூடினதுன்னு போர்டு சொன்னால்தான். மாசா மாசம் வர்ற பென்ஷன் இல்லாததால, உங்களுக்கு அந்தப் படிவம் இன்னும் முக்கியம். அடிபட்ட அன்னிக்கே எழுத்தில் பதிவு பண்ணச் சொல்லுங்க. சின்ன அடிதானேன்னு விடாதீங்க.

27/
நம்ம தம்பி முதல் மேல்முறையீட்டை ஆறு மாசம் முடிய ரெண்டு வாரம் இருக்கும்போது அனுப்பினார். பதில் இன்னும் வரல. கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது. மாத்திரை தொடர்ந்து போடுறார், அதுக்கப்புறம் ஃபிட்ஸ் இல்ல. இப்போ யாராவது கேட்டா "மெடிக்கல்ல வந்துட்டேன்"னு நேரா சொல்றார். அம்மாவுக்குத்தான் இன்னும் கொஞ்சம் கூச்சம்.

28/
ஊர்க்காரங்களுக்கு ஒரு வேண்டுகோள். யூனிஃபார்ம் போட்டவர் சீக்கிரம் திரும்பி வந்துட்டா, "ஏன் அனுப்பிட்டாங்க?"ன்னு கேட்காதீங்க. "பேப்பர் எல்லாம் வந்துச்சா, மேல்முறையீடு போட்டாச்சா?"ன்னு கேளுங்க. முதல் கேள்விக்குப் பயந்துதான் அவங்க வீட்டுக்குள்ள இருக்காங்க. ரெண்டாவது கேள்வியைக் கேட்க ஆள் இல்லாமத்தான் ஆறு மாசம் ஓடிப்போகுது. உங்க தெருவில் அப்படி ஒருத்தர் இருந்தா இந்த த்ரெட்டை அவருக்கு அனுப்புங்க. இன்னிக்கே.